பஞ்சிகாவத்தை வாக்குவம் கேஜ்: படகு எஞ்சின் ஐடிலில் குலுங்கினால் காபரேட்டரைக் கழற்ற முன் இதை மாட்டுங்கள்

பொருள்: எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளே உண்டாகும் வாக்குவத்தை (வெற்றிட இழுப்பை) அளக்கும் கேஜ். பெற்றோல் பம்பின் அழுத்தமும் பார்க்கலாம். வாங்கிய இடம் கொழும்பு மருதானை பஞ்சிகாவத்தையில் ஒரு சின்னக் கடை. விலை 6,800 ரூபாய். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் என்று சொல்ல எதுவும் இல்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது பெட்டியோடு வந்த குழாய்க்கும் பொருத்திகளுக்கும். கேஜ் மேல் எனக்குப் பெரிய குறையில்லை.

முகப்பு உள்ளங்கை அகலம். வெளி வட்டத்தில் வாக்குவத்துக்கு 0 முதல் 30 வரை பாதரச அங்குலம், எதிர்ப்பக்கம் 0 முதல் 10 வரை பி.எஸ்.ஐ. அழுத்தம். 17 முதல் 21 வரை பச்சைப் பட்டை போட்டு நோர்மல் என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'டைமிங் பிந்தியது' (ஸ்பார்க் அடிக்கும் நேரம்), 'வால்வு டைமிங் பிந்தியது' (வால்வு திறந்து மூடும் நேரம்) என்று ஆங்கிலத்தில் தீர்ப்பு வேறு. அந்தப் பொடி எழுத்தை நம்பி யாரும் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். எண் குறைந்தால் அதற்கு ஐந்தாறு காரணம் இருக்கலாம். முகப்பில் இடம் இருந்தது இரண்டுக்குத்தான்.

நான் கொட்டாஞ்சேனையில் ஏசி வேலை செய்பவன். என் பையில் எப்போதும் இரண்டு கேஜ் தொங்கும். பிறகு இதை ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். ஏசியின் தாழ் அழுத்தப் பக்கத்தைப் பார்க்கும் எங்கள் நீல கேஜிலும் வாக்குவம் உண்டு, ஆனால் பூச்சியத்துக்குக் கீழே உள்ள முப்பது அங்குலத்தையும் ஒரு விரல் அகலத்துக்குள் அடைத்திருப்பார்கள். ஏசியில் வாக்குவம் வந்ததா இல்லையா என்று தெரிந்தால் போதும், நுணுக்கமாகப் பார்க்க வேறு மீட்டர் இருக்கிறது. எஞ்சினில் ஒன்றரை அங்குல அசைவுதான் முழுக் கதையும். அதுவும் முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி ஆடுகிறது என்பதுதான் முக்கியம். அதற்கு இப்படி வட்டம் முழுக்க விரிந்த முகப்பு வேண்டும்.

படகு என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. மொறட்டுவைப் பக்கம் பொல்கொடை ஏரிக்கரையில் கட்டி வைத்திருக்கிறார். கண்ணாடியிழைப் படகு, உள்ளே நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், தலையில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரட்டைக் குழல் காபரேட்டர். வயதான எஞ்சின்தான். தயாரித்த கொம்பனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லாததால் பெயரை விட்டுவிடுகிறேன். நோய் இதுதான்: வேகமாக ஓட்டினால் பட்டுப்போல் போகும். கரைக்கு வந்து வேகத்தைக் குறைத்து ஐடிலுக்கு, அதாவது எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடும் நிலைக்கு, கொண்டுவந்தால் படகு முழுக்கக் குலுங்கும், கண்ணாடி கிலுகிலுக்கும். "அத்தான், கியர் போட்டவுடன நிண்டு போகுது" என்றுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. இறங்குதுறையை நெருங்கும் நேரத்தில் எஞ்சின் நின்றால் படகுக்கு பிரேக் கிடையாது. அதனால் இது சில்லறைத் தொல்லை இல்லை.

ஏரிக்கரையில் படகு எஞ்சின் பார்க்கும் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இருக்கிறார். கையில் நல்ல வேலை. அவர் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மல்லி (தம்பி), காபரேட்டர்தான். கழற்றிக் கழுவிக் கிட் (புதிய சின்னப் பாகங்கள்) போட்டால் சரி" என்றார். பஞ்சிகாவத்தையில் விசாரித்த இரண்டு கடையும் அதையே சொன்னது. ஐடில் கெட்டால் காபரேட்டர் என்பது இங்கே எல்லோருடைய வாயிலும் இருக்கிற பாடம். பல நேரம் அது சரியாகவும் வரும், அதனால்தான் பாடமாகவே நிற்கிறது.

ஆனால் ஐடில் என்ற நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திரொட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கிறது. எஞ்சின் மூச்சுக்காக இழுக்கிறது, காற்று சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகிறது, பெற்றோல் மயிரிழைத் துளை வழியாக வருகிறது. இந்த நேரத்தில் ஏதாவது ஒரு மூட்டில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் அதன் வழியாகப் போகும் கள்ளக் காற்று மொத்தக் காற்றில் பெரிய பங்கு. கலவை மெலிந்துபோகும், சிலிண்டர் பற்றாமல் விடும். வேகம் கூட்டித் தகட்டைத் திறந்தால் காற்று வாளி வாளியாக வருகிறது, அந்த ஊசித்துளைக் காற்று கணக்கிலேயே வராது. ஆகவே 'வேகத்தில் நல்லது, ஐடிலில் கெட்டது' என்ற அடையாளம் காபரேட்டரின் ஐடில் வழி அடைத்திருந்தாலும் வரும், காற்று ஒழுகினாலும் வரும். காது இரண்டையும் பிரித்துச் சொல்லாது. கேஜ் ஓரளவுக்குச் சொல்லும். நான் கடைக்குப் போனது அதற்காகத்தான்.

மாட்டுகிற கதைக்கு வருகிறேன், குறைகள் அங்கேதான் தொடங்குகின்றன. காரில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் ஒரு டீ (மூன்று வாய்ப் பொருத்தி) போட்டால் வேலை முடிந்தது. படகில் பிரேக்கும் இல்லை, பூஸ்டரும் இல்லை. இந்த எஞ்சினின் இன்டேக் மானிஃபோல்டில், அதாவது கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழல்கூட்டில், சின்னப் பித்தளை பிளக் (அடைப்பான்) ஒன்று இருந்தது, அதைக் கழற்றி அங்கே பொருத்தினேன். பெட்டியில் வந்த திருகுப் பொருத்தி முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறியது, பிறகு இறுகிப் பிடித்துக்கொண்டது. காரணம் புரிய ஏசிக்காரனுக்கு நேரம் எடுக்காது. பெட்டியில் இருப்பது பிரித்தானிய முறையான பி.எஸ்.பி. திருகு, இந்த அமெரிக்க எஞ்சினில் இருப்பது அமெரிக்க முறையான என்.பி.டி. எட்டில் ஒரு அங்குல அளவில் ஒன்று அங்குலத்துக்கு 28 புரி, மற்றது 27. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முறுக்கி ஏற்றினால் ஏறிவிடும், ஆனால் இருக்கை சரியாக உட்காராது, காற்று ஒழுகும். ஒழுகலைத் தேடப்போன கேஜே ஒழுகலை உண்டாக்கினால் என்ன பிரயோசனம்? எங்கள் தொழிலில் என்.பி.டி. பொருத்திகள் புழங்குவதால் என் பையிலேயே சரியானது கிடந்தது. மற்றவர்கள் பித்தளைப் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "சரியாகும்" என்று கடைக்காரர் சொன்னால் கையால் முழுக்க ஏறுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

குழாய் அடுத்த குறை. நீளம் இரண்டு அடிகூட இல்லை. எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டுத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில். சுவரும் மெல்லியது, எஞ்சின் சூட்டில் இளகி உறிஞ்சலில் சப்பையாகிறது. சப்பையானால் முள் பொய் சொல்லும். நான் தடித்த றப்பர்க் குழாயாக நீளமாக வாங்கி, கேஜை ஸ்டியரிங் பக்கத்தில் கட்டிவிட்டேன். பிளாஸ்டிக் பொருத்தி ஒன்று முதல் அழுத்திலேயே வெடித்தது. அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

எஞ்சினைத் தொடும் முன் ஒரு வார்த்தை, இது கார் வேலை செய்கிறவர்களுக்கு முக்கியமாக. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் ஒழுகினால் தரையில் பரவிக் காற்றோடு போய்விடும், படகில் அடித்தட்டில் போய்த் தேங்கும். மூடியைத் திறந்து மூக்கால் பார்த்து, அடித்தட்டுக் காற்றை வெளியே தள்ளும் புளோவரை நாலு நிமிடமாவது ஓடவிட்டு, அப்புறம்தான் சாவி. எஞ்சின் தண்ணீரில் இருந்தே ஓட வேண்டும். கரையில் ஏற்றி வைத்திருந்தால் தண்ணீர்க் குழாய் இணைத்த பிறகுதான். தண்ணீர் வராமல் ஓடினால் தண்ணீர் பம்பின் றப்பர் இம்பெலர் (சுழலும் சக்கரம்) சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

சரி, எஞ்சின் சூடானது. முள் 14இல். அதோடு நிற்கவில்லை, ஒரே தாளத்தில் இரண்டு அங்குலம் இறங்கி ஏறியது. வேகத்தை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் தலையாட்டல் அடங்கி முள் நேராக நின்றது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் 6,800 ரூபாய்.

கடல் மட்டத்தில் நலமான எஞ்சின் ஐடிலில் 17க்கும் 21க்கும் இடையில் அசையாமல் நிற்கும். கொழும்புக்காரர்களுக்கு அந்தப் பச்சைப் பட்டை அப்படியே பொருந்தும். உயரம் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஆகவே கிரகரி ஏரியில் ஒரு படகு எஞ்சினில் இதை மாட்டினால் குறையே இல்லாத எஞ்சினும் ஏறக்குறைய ஆறு அங்குலம் குறைத்துத்தான் காட்டும். பெட்டிக்குள் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே யாராவது பச்சைப் பட்டையைப் பார்த்துவிட்டு நல்ல எஞ்சினைப் பிரித்துப்போடலாம்.

முள்ளின் அசைவை வாசிக்கப் பழகினால் அது தனிச் சுவை. முள் தாழ்வாக இருந்தும் ஆடாமல் நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில், அதாவது காபரேட்டர் அடிக் காஸ்கெட் (மூட்டுக்கு நடுவே ஒழுகாமல் வைக்கும் தாள்) மாதிரி ஓரிடத்தில், காற்று ஒழுகலாம். தாளமில்லாமல் மெதுவாக இரண்டு மூன்று அங்குலத்துக்குள் அலைந்து திரிந்தால் கலவை சரியில்லை, அப்போது காபரேட்டரைச் சந்தேகிப்பது நியாயம். ஐடிலில் படபடவென நடுங்கி வேகம் கூட்டினால் அடங்கினால் வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருக்கலாம். வேகத்தோடு ஆட்டமும் கூடினால் வால்வு ஸ்பிரிங். ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது வேலை செய்யவில்லை: ஸ்பார்க் பிளக், எரிந்த வால்வு, கசியும் ஹெட் காஸ்கெட், அல்லது அந்த ஒரு சிலிண்டருக்குப் போகும் குழலில் ஒழுகல். இன்னொன்று, திரொட்டிலைச் சட்டென்று திறந்து மூடினால் முள் பூச்சியத்தை நோக்கி விழுந்து, 24, 25 வரை துள்ளி, பிறகு தன் இடத்துக்கு வர வேண்டும். துள்ளல் சோர்ந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று யோசிக்கலாம். 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. படகுகளில் எக்ஸோஸ்ட் வளைவுக்குள் துருப்பிடித்து அடைவது சாதாரணம், அதனால் இந்தப் பரீட்சையை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் முள் தாளம் போட்டது. அதனால் காபரேட்டர் என் பட்டியலில் கீழே போய்விட்டது. காபரேட்டர் கெட்டால் நாலு சிலிண்டரும் கெட்ட சோறுதான் சாப்பிடும், ஒன்று மட்டும் பட்டினி கிடக்காது. பாஸுக்கு இதைச் சொன்னபோது முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது டொக்டர் வேலை" என்று சிரித்தார், ஆனால் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

எந்த சிலிண்டர் என்று பார்ப்பது பழைய முறை. ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி விட்டால் வேலை செய்யும் சிலிண்டரில் முள் விழும், வேலை செய்யாததில் விழாது. கராஜில் எஞ்சின் ஓட ஓடவே இழுப்பார்கள். படகில் அதைச் செய்யாதீர்கள். வெளியே பறக்கும் ஸ்பார்க் ஒன்று அடித்தட்டு ஆவிக்குப் போதும், எலக்ட்ரோனிக் இக்னிஷனாக இருந்தால் மொடியூலும் போகலாம். எஞ்சினை நிறுத்தி, வயரைக் கழற்றி, கிளிப் வயரால் எஞ்சின் உடம்போடு பூமியாக்கி, பிறகு ஸ்டார்ட் செய்து முள்ளைப் பார்க்க வேண்டும். நேரம் கூடத்தான் எடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று: முள் பொத்தென்று விழுந்தது. நாலில் அசையவில்லை.

நாலாவது பிளக்கையும் வயரையும் மூன்றாவதோடு மாற்றிப் போட்டோம். நோய் நாலிலேயே நின்றது, ஆகவே இக்னிஷன் தப்பியது. சிலிண்டருக்குள் அமுக்கம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் பாஸிடம் இருந்தது. நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் நெருக்கமாக வந்தன, வால்வும் ஹெட் காஸ்கெட்டும் தப்பின. மிச்சம் இருந்தது காற்று.

ஒழுகலைத் தேட இங்கே எல்லோரும் கையில் எடுப்பது காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே. மூட்டில் அடித்தால் எஞ்சின் வேகம் மாறும், இடம் தெரியும். காரில் செய்யலாம். மூடிய எஞ்சின் பெட்டிக்குள், அடித்தட்டுக்கு மேலே, எரியும் ஆவியை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் சின்னப் போத்தல் ஒன்றைப் பயன்படுத்தினேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல் மானிஃபோல்ட் மூட்டு நெடுக நுண்ணிய தூறல். தண்ணீர் துளையை ஒரு கணம் அடைக்கும்போது உறிஞ்சல் கூடும், முள் ஏறும். காபரேட்டர் அடியில் ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று சிலிண்டர்களின் மூட்டில் ஒன்றும் இல்லை. நாலாவதின் அடிப்பக்கம் தூறல் பட்டதும் முள் தலையாட்டலை நிறுத்திவிட்டு 17ஐத் தாண்டியது. குலுங்கலும் நின்றது. தண்ணீரை எஞ்சின் உறிஞ்சி முடித்ததும் பழையபடி ஆடத் தொடங்கியது. பாஸ் போத்தலை என் கையிலிருந்து வாங்கித் தானே அடித்துப் பார்த்தார்.

கழற்றிப் பார்த்தால் மானிஃபோல்ட் காஸ்கெட்டின் அந்த மூலை அரித்துத் தின்றுபோயிருந்தது, கடைசி நட்டும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இதற்குப் பிறகு பாஸ் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு அசல் காஸ்கெட் உடனே கிடைக்கவில்லை. அவர் காஸ்கெட் தாளை மானிஃபோல்ட் முகத்தின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரங்களைத் தட்டித் தட்டியே துளைகளையும் விளிம்பையும் வெட்டி எடுத்தார். கத்தரிக்கோல் இல்லை, அளவுகோல் இல்லை. முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கம்பி வைத்துப் பார்த்தார். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டம் கட்டமாக இறுக்கினார். ஒருதரம் சூடாக்கி ஆறவிட்டு மறுபடியும் இறுக்க வேண்டும் என்றார், அப்படியே செய்தார். கேஜ் நோயைச் சொல்லும், கை அவருடையதுதான். மாற்றிய காஸ்கெட் தாளின் விலை, கடைகள் எனக்குச் சொன்ன காபரேட்டர் கிட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இப்போது முள் 19இல் அசையாமல் நிற்கிறது. கலவைத் திருகையும் கேஜை வைத்தே சரிப்படுத்தினேன்: முள் அதிக உயரம் போகும் இடம் வரை திருப்பி, அங்கிருந்து மெல்ல உள்ளே திருப்பி, முள் விழத் தொடங்கும் இடத்துக்கு ஒரு நூல் முன்னால் விட வேண்டும். பிறகு ஐடில் வேகத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். படகைக் கட்டி வைத்துக் கியரில் போட்டும் பாருங்கள். தண்ணீரைத் தள்ளும் சுமையில் முள் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. அந்த நிலையில் எஞ்சின் நிற்காமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

கேஜின் துல்லியத்தை என் டிஜிட்டல் மீட்டரோடு ஒப்பிட்டேன். அரை அங்குலம் கூடக் காட்டுகிறது, எங்கும் ஒரே மாதிரி. இந்த விலைக்கு நல்லதுதான். முள்ளின் அடக்கம் போதாது என்பது உண்மைக் குறை. எஞ்சினின் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் நடுங்கும், பழகாத கண்ணுக்கு அந்த நடுக்கமே நோயாகத் தெரியும். குழாயை விரலால் லேசாக நெரித்துப் பிடித்தால் அடங்கும். ஆனால் தலையாட்டலைத் தேடும்போது நெரிக்காதீர்கள், தேடும் அடையாளமே மறைந்துவிடும். முகப்பைச் சுற்றிய வளையம் வெறும் இரும்பு. பொல்கொடை பாணந்துறையில் கடலோடு சேருகிறது, ஏரிக்காற்றிலும் உப்பு உண்டு. படகில் விட்டு வைத்த கொஞ்ச நாளிலேயே வளையத்தில் துரு. இப்போது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வீட்டில் இருக்கிறது.

பெற்றோல் பம்ப் அழுத்தம் பார்க்கும் பக்கத்தை நான் படகில் பயன்படுத்த மாட்டேன். இந்தக் குழாய் பெற்றோலுக்கு உரியது இல்லை. படகுக்கென்று செய்த மெக்கானிக்கல் பம்பில் இரட்டை டயஃப்ரம் (சவ்வு) இருக்கும், நடுவிலிருந்து ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய் ஒன்று காபரேட்டருக்குப் போகும். அதற்குள் பெற்றோல் தெரிந்தால் உள் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, அந்தப் பெற்றோல் காபரேட்டருக்குள் போய் ஐடிலைக் கெடுக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும். கேஜ் மாட்டும் முன்பே பார்க்க வேண்டிய இடம் இது.

கேஜுக்குத் தெரியாத வேறு சங்கதிகளும் உண்டு. பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்தால் அது சொல்லாது, ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் தெரியும். 2022இல் தட்டுப்பாட்டில் பெற்றோலை க்யூஆர் குறியீட்டுக்கு அளந்து கொடுத்த காலத்தில் கலனில் சேர்த்து வைத்ததைப் பிறகு படகில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் இலேசான பகுதி பறந்து பிசின் மிஞ்சும், முதலில் அடைவது அந்த மயிரிழை ஐடில் துளைதான். அந்தப் படகுகளுக்கு உண்மையிலேயே காபரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும். எஞ்சின் உள்ளேயும் கியரும் விசிறியும் பின்புறத்துக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டேர்ன்டிரைவ்கள் சிலவற்றில் கியர் மாற்றும்போது ஸ்பார்க்கை ஒரு கணம் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் உண்டு. கியர் கேபிள் இறுகினால் சுவிட்ச் அழுத்தியபடியே நின்று எஞ்சின் இருமும். கியரைத் தொடும்போது மட்டும் வரும் நோய் என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

கேஜை வாங்கிய தெருவிலேயே ஒருவர் காரின் காபரேட்டர் ஒன்றைக் காட்டி, "இதே துளைகள்தான், அப்படியே உட்காரும்" என்றார். உட்காரும்தான். ஆனால் படகு காபரேட்டரில் பெற்றோல் பொங்கினால் வெளியே வழியாமல் எஞ்சினுக்குள்ளேயே போகும்படி காற்றுக் குழாய்களை வளைத்திருப்பார்கள், திரொட்டில் தண்டிலும் அதற்கான ஏற்பாடு இருக்கும். காருடையது வெளியே சொட்டும், அடித்தட்டில் சேரும். மேலே இருக்கும் வலைமூடி போன்ற ஃபிளேம் அரெஸ்டரும் அப்படித்தான், பின்னுதைப்புத் தீ வெளியே வராமல் தடுக்க இருக்கிறது. அழுக்கேறி அடைத்தால் கழுவிப் பூட்ட வேண்டும். கார் ஏர் ஃபில்டரைப் போடுவது விளையாட்டில்லை.

யாருக்கு இது பயன்படும்? காபரேட்டர் வைத்த நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் வைத்திருக்கும் எவருக்கும். கொழும்பில் பழைய மொறிஸ் மைனர், நிசான் சன்னி, மிட்சுபிஷி லான்சர் வைத்திருப்பவர்கள் படகு இல்லாமலே வாங்கலாம், பிரேக் பூஸ்டர் உள்ள கார் என்றால் திருகுச் சண்டையும் இல்லை. டீசல் எஞ்சினுக்கு வேண்டாம். சாதாரண டீசலில் காற்றைத் தடுக்கும் திரொட்டில் தகடு கிடையாது, முள் சும்மா கிடக்கும். மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் மீன்பிடிப் படகுகளில் தொங்கும் டூ ஸ்ட்ரோக் வெளி எஞ்சின்களுக்கும் இந்தப் பச்சைப் பட்டைக் கணக்கு செல்லாது. எங்கள் தெரு த்ரீவீல் தம்பி தன்னுடையதில் மாட்டிப் பார்க்கக் கேட்டார். ஒற்றைச் சிலிண்டரில் முள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அடித்துக்கொள்ளும், முள்தான் உடையும். கொடுக்கவில்லை.

வாங்கும்போது கடையிலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். முள் சரியாகப் பூச்சியத்தில் நிற்கிறதா பாருங்கள், பெட்டியில் இடிபட்டு விலகிய கேஜ்கள் அந்த அடுக்கில் இருந்தன. அப்புறம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். முள் ஏறிய இடத்தில் நிற்க வேண்டும். மெதுவாக இறங்கினால் கேஜோ பொருத்தியோ ஒழுகுகிறது, வேறு பெட்டி கேளுங்கள். எனக்கு மூன்றாவது பெட்டிதான் நின்றது. கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் மாற்றிக் கொடுத்தார்.